மெண்டோசாவின் அட்டையில் தப்பில்லை

பகடையும் ஆட்டக்காரர்களின் அட்டைகளும் வைத்து மேசையில் ஆடும் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் பேஸ்பாலில் 1979 சீசன் அட்டைகளை வாங்கி, சியாட்டில் மரைனர்ஸ் அணியை எடுத்து ஆடுகிறீர்கள். 40 ஆட்டம் முடிந்துவிட்டது. உங்கள் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) மாரியோ மெண்டோசா 140 அட்-பேட்டில் (பேட் செய்ய வந்த முறைகளில் வாக் போன்றவை போக மீதி) 21 ஹிட்தான் (அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸ் சேர்வது) அடித்திருக்கிறார், ஆவரேஜ் .150. நிஜ 1979இல் அவர் அடித்தது .198. அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஹிட் என்று எழுதியிருக்கும் இடத்தையே தேட வேண்டியிருக்கிறது. அட்டை தப்பாக அச்சாகியிருக்கிறதா, இவரை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். அட்டை சரியாகத்தான் இருக்கிறது. அது அவ்வளவு மோசமாகத் தெரியக் காரணம், அந்த அட்டையில் இருப்பது அவருடைய பேட்டிங்கில் பாதிதான். இன்னொரு பாதி எதிரணி பிட்சரின் (பந்து எறிபவரின்) அட்டையில் இருக்கிறது. அவர் எதற்காகச் சம்பளம் வாங்கினாரோ அந்த வேலை, அதாவது ஃபீல்டிங், உங்கள் அணியின் சொந்த பிட்சர்களுடைய அட்டைகளில் இருக்கிறது. அவரை எடுக்க வேண்டாம். ஆனால் அவரை ஆட வைக்கும் விதத்தை மாற்ற வேண்டும். உங்கள் 140 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு முதலில் பட்டது அதுதான். பல வருடமாக ஆடுகிறவன் என்ற முறையில் இந்த அட்டை மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஆளைப் பற்றி. மெண்டோசா மெக்சிகோவின் சிவாவா ஊர்க்காரர், 1950இல் பிறந்தவர். 1974இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் சேர்ந்தார். அங்கே ஐந்து வருடமும் அவருக்கு நிரந்தர இடம் கிடையாது. கடைசி இன்னிங்ஸ்களில் ஃபீல்டிங்கை இறுக்க உள்ளே அனுப்பப்படும் ஆள். மெக்சிகோ ரசிகர்கள் அவரை ‘பட்டுக் கைகள்’ என்று அவர்கள் மொழியில் அழைத்தார்கள். 1978 டிசம்பரில் அவரை சியாட்டிலுக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த வருடமே பைரேட்ஸ் உலகத் தொடரை ஜெயித்தது. இவரோ தோன்றி மூன்றாவது வருடமே ஆன ஒரு அணியில், 95 ஆட்டங்களில் தோற்ற அணியில் இருந்தார். அப்புறம் இரண்டு வருடத்தில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ், 1982இல் மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது. மூன்று அணி, ஒன்பது சீசன், மொத்த ஆவரேஜ் .215.

சியாட்டிலில் அவருக்கு ஏன் இடம் காலியாக இருந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1978இல் அங்கே ஷார்ட்ஸ்டாப் ஆடியவர் கிரெய்க் ரெனால்ட்ஸ், நன்றாக அடிக்கக்கூடியவர். அணிக்கு ஒரு நல்ல இடக்கை பிட்சர் தேவைப்பட்டது. ரெனால்ட்ஸை ஹூஸ்டனுக்குக் கொடுத்து ஃபிலாய்ட் பேனிஸ்டரை வாங்கினார்கள். அந்த ஓட்டையை அடைக்க வந்தவர்தான் மெண்டோசா. அதனால் பிட்ஸ்பர்க்கில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், 28 வயதில், வாழ்க்கையிலேயே அதிகமாக 148 ஆட்டங்களில் இறங்கினார். 373 அட்-பேட், 74 ஹிட், 10 டபுள் (இரண்டு பேஸ் ஓடிய ஹிட்), 3 ட்ரிபிள் (மூன்று பேஸ்), 1 ஹோம் ரன், 9 வாக் (பிட்சர் சரியாக எறியாததால் சும்மா கிடைக்கும் முதல் பேஸ்), 62 ஸ்ட்ரைக் அவுட். கிரிக்கெட் சராசரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்: இங்கே ஆவரேஜ் என்பது ஹிட்டை அட்-பேட்டால் வகுப்பது, அவ்வளவுதான். 74ஐ 373ஆல் வகுத்தால் .198. இன்னும் ஒரே ஒரு ஹிட், 75, அடித்திருந்தால் .201 ஆகியிருக்கும். ஒரு சீசன் முழுக்க, எங்கோ ஒரு ஆட்டத்தில் மூன்றாவது பேஸ்மேன் கையில் போன ஒரு பந்து இரண்டு அடி தள்ளிப் போயிருந்தால் போதும்.

அந்த ஒரு ஹிட் இல்லாமல் போனதில்தான் அவர் பெயர் நிலைத்தது. .200 என்ற எல்லையை இன்றும் அமெரிக்காவில் ‘மெண்டோசா கோடு’ என்கிறார்கள். அணித் தோழர்கள் டாம் பாசியோரெக்கும் புரூஸ் போக்டியும் விளையாட்டாக ஆரம்பித்த பேச்சு என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கதை. அது கான்சாஸ் சிட்டி அணியின் பேட்டர் ஜார்ஜ் பிரெட் காதுக்குப் போய், அவர் வாயிலிருந்து தொலைக்காட்சி வர்ணனையாளர் கிறிஸ் பெர்மனுக்குப் போய், நாடு முழுக்கப் பரவிவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. அவரைவிட மோசமாக அடித்த எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்கள் பெயர் யாருக்கும் நினைவில்லை. அந்த 148 ஆட்டங்களில் அவர் தடுத்த பந்துகளும் யார் நினைவிலும் இல்லை. உங்கள் மேசையில் அதை நீங்கள் பார்க்க முடியும் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

இனி அட்டைக்கு வருவோம். ஹால் ரிச்மன் என்ற நியூயார்க்காரர் 11 வயதில் பகடையை உருட்டி உருட்டி உருவாக்கி, 1961இல் விற்கத் தொடங்கிய ஆட்டம் இது. அதன் அடிப்படை யோசனை மிக எளிது. மூன்று பகடை. வெள்ளைப் பகடையில் 1, 2, 3 விழுந்தால் பேட்டரின் அட்டையில் அந்தப் பத்தியைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 விழுந்தால் பிட்சரின் அட்டை. மற்ற இரண்டு பகடையின் கூட்டுத்தொகை, 2 முதல் 12 வரை, எந்த வரி என்று சொல்லும். மொத்தம் 216 வாய்ப்பு, பேட்டருக்கு 108, பிட்சருக்கு 108. சரிபாதி.

இப்போது இந்தச் சரிபாதியை மெண்டோசாவுக்குப் போட்டுப் பாருங்கள். நிறுவனத்தின் சூத்திரத்தை நான் சொல்லவில்லை, ஆடுகிறவர்கள் பின்னாலிருந்து போட்டுப் பார்க்கும் கணக்கு இது. அந்த வருடம் அமெரிக்கன் லீக்கின் சராசரி .270. ஒரு சராசரி பேட்டர் சராசரி பிட்சரை 216 முறை சந்தித்தால் வாக் முதலியவற்றைக் கழித்து 52 ஹிட் போல வரும். ஃபீல்டிங் சரியில்லாமல் விழும் ஹிட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதில் 26 பிட்சர் பக்கத்திலிருந்து, 26 பேட்டர் பக்கத்திலிருந்து. மெண்டோசா சுமார் 400 முறை பேட் செய்ய வந்து 74 ஹிட். அதை 216க்குச் சுருக்கினால் 40. பிட்சர் பக்கத்திலிருந்து 26 எப்படியும் வந்துவிடும், ஏனென்றால் பிட்சரின் அட்டைக்கு எதிரே நிற்பது யார் என்று தெரியாது. அப்படியானால் மெண்டோசாவின் அட்டையில் எவ்வளவு இருக்க வேண்டும்? 14.

108இல் 14. சராசரி ஆளுக்கு 26 இருக்கும் இடத்தில் இவருக்கு 14. அதாவது நிஜத்தில் சராசரியைவிட நாலில் ஒரு பங்கு குறைவாக அடித்தவர், அட்டையில் கிட்டத்தட்ட பாதி குறைவாகத் தெரிகிறார். குறை முழுவதையும் ஒரே பாதியில் திணிக்க வேண்டியிருப்பதால் அப்படி. உதாரணத்துக்கு ஒரு பத்தியில் 7 (அதற்கு 6 வாய்ப்பு), இன்னொரு பத்தியில் 5 (4 வாய்ப்பு), வேறு எங்காவது ஒரு 4 (3 வாய்ப்பு), ஒரு 2 (1 வாய்ப்பு). 14 முடிந்துவிட்டது. மூன்று பத்தியில் நாலே நாலு வரி. நீங்கள் தேடித் தேடிப் பார்த்ததில் ஆச்சரியமே இல்லை.

இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். பிரெட் அந்த வருடம் .329 அடித்தார். அவர் அட்டை நிஜ பிரெட்டைவிடப் பயங்கரமாக இருக்கும், வரிக்கு வரி ஹிட். ஸ்ட்ராட் அட்டைகளைப் பார்த்துப் பழகியவர்கள் எல்லோரும் இதை மனதுக்குள் பாதியாக்கித்தான் படிப்பார்கள். ஆடி ஆடி அது தானாக வந்துவிடும். மெண்டோசா பேட் செய்ய வரும்போது வெள்ளைப் பகடை 4, 5, 6 விழட்டும் என்று உங்களை அறியாமல் நினைப்பீர்கள். எதிரி அட்டையில் அவருக்கு நூற்றுக்கு 24, சொந்த அட்டையில் நூற்றுக்கு 13. எதிரே ரான் கைட்ரி நின்றால் அந்த நினைப்பும் போய்விடும். யாங்கீஸின் பிட்சரான கைட்ரி அந்த வருடம் லீக்கிலேயே குறைந்த ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் விட்டுக்கொடுக்கும் ரன்), 2.78. அவர் பக்கப் பாதியும் சுருங்கிவிடும்.

வாக் கணக்கில் ஒரு விசித்திரம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. 400 முறை பேட் செய்ய வந்து மெண்டோசா வாங்கியது 9 வாக். 216க்கு 5. ஆனால் அந்த லீக்கில் வாக் நூற்றுக்கு எட்டு போல, சராசரி பிட்சரின் அட்டையிலேயே சுமார் 9 வாய்ப்பு வாக் இருக்கும். 5 வேண்டும், 9 தானாக வந்துவிடுகிறது. அப்படியானால் மெண்டோசாவின் அட்டையில் மைனஸ் 4 வாக் அச்சடிக்க வேண்டும்! அது முடியாத காரியம். ஆகவே அவர் அட்டையில் ஒரு வாக்கும் இல்லாமல் விட்டால்கூட, ஒரு முழு சீசனில் 9க்குப் பதில் 16, 17 வாக் வாங்கிவிடுவார். உங்கள் ஸ்கோர் தாளில் வாக் கணக்கைப் பாருங்கள். 40 ஆட்டத்தில் ஏழெட்டு வந்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஹிட்டில் உங்களை ஏமாற்றியவர் வாக்கில் நிஜத்தைவிடத் தாராளமாகத்தான் இருப்பார்.

ஹோம் ரனுக்கும் இதே சிக்கல் வர வேண்டும். 373 அட்-பேட்டில் 1 ஹோம் ரன் அடித்தவருக்கு பிட்சர் அட்டையிலிருந்து நாலைந்து ஹோம் ரன் சும்மா கிடைத்துவிடும். அதனால்தான் இந்த ஆட்டத்தின் மிக விரிவான ‘சூப்பர் அட்வான்ஸ்டு’ விதிகளில் பவர் இல்லாத பேட்டர்களுக்குத் தனிக் குறியீடு வைத்து, பிட்சர் அட்டையின் ஹோம் ரனை அவர்களுக்கு சிங்கிளாக மாற்றுகிறார்கள். நீங்கள் அடிப்படை விதிகளில் ஆடுகிறீர்கள் என்றால் இந்தத் தடுப்பு இல்லை. மெண்டோசா சியாட்டிலின் சொந்த மைதானமான கிங்டோமில் மூன்று ஹோம் ரன் அடித்தால் சந்தோஷப்பட்டுவிட்டு விட்டுவிடுங்கள்.

பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் ரிச்சர்டு சைட்ஸ் 1951இல் ஆரம்பித்த ஆப்பா என்ற இன்னொரு மேசை பேஸ்பால் ஆட்டத்தில் இந்தப் பிரச்சினை வேறு மாதிரி. அங்கே இரண்டு பகடை, பேட்டர் அட்டையில் 36 எண், பிட்சருக்கு ஏ, பி, சி, டி என்று தரம் மட்டும். 13 என்றால் ஸ்ட்ரைக் அவுட், 14 என்றால் வாக். மெண்டோசாவின் நிஜக் கணக்கை 36க்குச் சுருக்கினால் ஐந்தாறு 13, ஒரே ஒரு 14 வரும். ஆள் பெரும்பாலும் முழுசாக அவர் அட்டையிலேயே இருப்பதால் முதல் பார்வைக்கு நிஜ மெண்டோசா போலவே இருப்பார். எனக்கு ஸ்ட்ராட்தான் பிடிக்கும். பிட்சரும் பேட்டரும் மோதுகிறார்கள் என்ற உணர்வு அதில் இருக்கிறது. ஆனால் அட்டையைப் பார்த்து ஆளை எடைபோடுவது ஆப்பாவில் சுலபம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

அட்டை சரி என்றால் .150 எப்படி வந்தது? இரண்டு காரணம்.

ஒன்று பகடையின் ஏற்ற இறக்கம். .198 ஆவரேஜ் உள்ள ஒருவர் 140 அட்-பேட்டில் 28 ஹிட் அடிக்க வேண்டும். உங்களுக்கு 21. ஏழு குறைவு. இந்த அளவு அட்-பேட்டில் சும்மாவே ஐந்து ஹிட் இப்படியும் அப்படியும் போகும், 21 அல்லது அதற்கும் குறைவாக வருவது பத்தில் ஒரு தடவை நடக்கும். முழு சீசனுக்கு, 373 அட்-பேட்டுக்கு, எட்டு ஹிட் போல ஏறி இறங்கும். அதாவது இந்த அட்டையை எத்தனை முறை முழு சீசன் ஆடினாலும், மூன்றில் இரண்டு முறை .177க்கும் .220க்கும் நடுவே எங்காவது வந்து நிற்கும். எப்போதாவது .160, எப்போதாவது .240. எல்லாம் அதே அட்டைதான்.

இதற்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. நிஜ மெண்டோசாவின் மொத்த வாழ்க்கை ஆவரேஜ் .215. அந்தக் கணக்குப்படி 1979இல் அவர் 80 ஹிட் அடித்திருக்க வேண்டும், அடித்தது 74. அந்த ஆறு ஹிட் குறைந்தது அவர் திடீரென்று மோசமானதால் என்று சொல்ல எதுவும் இல்லை. எட்டு ஹிட் ஏறி இறங்கும் கணக்குக்குள்தான் அது இருக்கிறது. அடுத்த வருடமே அதே சியாட்டிலில் .245 அடித்தார். ஆனால் அட்டை போடுகிறவர்கள் 1979ஐ மட்டும்தான் பார்க்க முடியும், அந்த வருடத்து அதிர்ஷ்டக் குறைவையும் சேர்த்து அச்சடித்துவிடுகிறார்கள். அதன் மேல் நீங்கள் பகடை உருட்டி இன்னொரு அடுக்கு அதிர்ஷ்டத்தை ஏற்றுகிறீர்கள். ஒரு சீசன் சரியில்லாமல் போன ஆட்டக்காரர்களின் அட்டைகளில் எல்லாம் இது நடக்கும். முடிந்தால் அவருடைய 1980 அட்டையையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதே ஆளா என்று கேட்பீர்கள்.

இரண்டாவது காரணம்தான் முக்கியம், அது உங்கள் கையில் இருக்கிறது. 40 ஆட்டத்தில் 140 அட்-பேட் என்றால் ஆட்டத்துக்கு 3.5. நிஜத்தில் 148 ஆட்டத்தில் 373, ஆட்டத்துக்கு 2.5. இந்த ஒரு அட்-பேட் எங்கே போனது? அமெரிக்கன் லீக்கில் 1973 முதல் பிட்சர் பேட் செய்வதில்லை, அவருக்குப் பதில் டி.எச். (பேட் செய்ய மட்டும் இறங்கும் ஆள்) வருவார். ஆகவே கடைசி இடத்தில் பேட் செய்வது மெண்டோசா போன்றவர்கள்தான். ஒன்பதாவது இடத்தில் முழு ஆட்டமும் நின்றால் மூன்று, நாலு முறை பேட் செய்ய வருவார். 2.5தான் என்றால், பல ஆட்டங்களில் அவருக்குப் பதில் பிஞ்ச் ஹிட்டர் (மாற்று பேட்டர்) வந்திருக்கிறார், அல்லது இவரே முன்னிலையைக் காப்பாற்றக் கடைசியில் உள்ளே வந்திருக்கிறார். மேலாளர் டேரல் ஜான்சன் இவரை அப்படித்தான் பயன்படுத்தியிருக்க வேண்டும், எண்கள் வேறு விளக்கத்துக்கு இடம் தரவில்லை.

நீங்கள் இப்படியே போனால் அதே 148 ஆட்டத்தில் அவருக்கு 518 அட்-பேட் ஆகிவிடும். நிஜத்தைவிட 145 அதிகம். .198 அடிக்கும் ஒருவருக்கு 145 அட்-பேட் அதிகமாகக் கொடுத்தால் அதில் 115க்கு மேல் வெறும் அவுட். இதுதான் உங்கள் அணியின் ரன்னைத் தின்கிறது. அட்டை அதற்குக் காரணம் இல்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஏழாவது இன்னிங்ஸுக்கு மேல் நீங்கள் பின்தங்கியிருந்தால், மெண்டோசாவின் முறை வரும்போது யோசிக்காமல் பிஞ்ச் ஹிட்டரை அனுப்புங்கள். லாரி மில்போர்ன் இரண்டு கையாலும் பேட் செய்வார், ஷார்ட்ஸ்டாப்பும் ஆடுவார், அப்படியே உள்ளே நிறுத்திக்கொள்ளலாம். முன்னிலையில் இருந்தால் மெண்டோசா எங்கேயும் போகக் கூடாது. அவருக்கு அடுத்து வருவது அநேகமாக ஜூலியோ குரூஸ், அந்த வருடம் 49 பேஸ் திருடியவர். முதல் பேஸில் ஆள் இருந்து அவுட் ஆகாமலோ ஒரே அவுட்டிலோ மெண்டோசா வந்தால், அட்டையில் பன்ட் (பந்தை மெதுவாகத் தட்டிவிடுவது) எழுத்தைப் பாருங்கள். ஏ அல்லது பி இருந்தால் பன்ட் போடுங்கள். டபுள் பிளேயில் இரண்டு அவுட்டைக் கொடுப்பதைவிட ஒரு அவுட்டைக் கொடுத்து ஆளை நகர்த்திவிட்டு, குரூஸ் கையில் விடுவது மேல். அவருக்கும் பின்னால் ரூபர்ட் ஜோன்ஸ், போக்டி, வில்லி ஹார்ட்டன் எல்லாம் இருக்கிறார்கள். 36 வயதில் 162 ஆட்டமும் ஆடி 29 ஹோம் ரன் அடித்தார் ஹார்ட்டன். ரன் எடுக்க வேண்டியது அவர்கள் வேலை.

இனி மெண்டோசாவின் வேலை. பிட்சர்களின் அட்டைகளை எடுத்து, ஒரு நிலையின் பெயரும் பக்கத்தில் எக்ஸ் குறியும் போட்டிருக்கும் வரிகளைத் தேடுங்கள். ஒவ்வொரு பிட்சர் அட்டையிலும் 216க்கு 30 வாய்ப்பு இப்படி ஃபீல்டர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் ஷார்ட்ஸ்டாப்புக்கு மட்டும் 7, எல்லோரையும்விட அதிகம். இரண்டாம் பேஸ்மேனுக்கு 6. முதல் பேஸ்மேனுக்கு வெறும் 2. ஒரு சீசனில் உங்கள் பிட்சர்கள் சுமார் 6,200 பேட்டர்களைச் சந்திப்பார்கள். அதில் 216க்கு 7 என்றால், சுமார் 200 தடவை அந்தப் பந்தின் முடிவு உங்கள் ஷார்ட்ஸ்டாப்பின் ஃபீல்டிங் எண்ணில் வந்து நிற்கும். இருபது பக்கப் பகடையை உருட்டி, அவருடைய ரேஞ்ச் எண்ணுக்கு நேரே பார்க்க வேண்டும். 1 சிறந்தது, 5 மோசமானது. அப்புறம் மூன்று பகடையை உருட்டி எர்ரர் (ஃபீல்டர் பந்தைத் தவறவிடுவது) உண்டா என்று பார்க்க வேண்டும். பழைய பெட்டிகளில் இருபது பக்கப் பகடைக்குப் பதில் 1 முதல் 20 வரை எண் போட்ட சீட்டுக்கட்டு இருக்கும், வேலை ஒன்றுதான்.

ரேஞ்ச் எண் ஏற ஏற, அந்த இருபதில் அவுட் குறைந்து ஹிட் கூடும். மெண்டோசாவுக்கும் நீங்கள் போட நினைக்கும் ஆளுக்கும் இருபதில் நாலு எண்தான் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 200 உருட்டலில் அது 40 ஹிட். இப்போது பேட்டிங் பக்கம் பாருங்கள். மெண்டோசாவுக்குப் பதில் .250 அடிக்கும் ஒருவரை அதே 373 அட்-பேட்டுக்குப் போட்டால் கிடைப்பது 19 ஹிட். 19ஐ வாங்க 40ஐக் கொடுக்கிறீர்கள். ஒரு ஹிட் அடித்தாலும் ஒரு ஹிட்டைத் தடுத்தாலும் ஆட்டத்தில் மதிப்பு ஒன்றுதான். ஒன்று உங்கள் ஸ்கோர் தாளில் அவர் பெயருக்கு நேரே எழுதப்படுகிறது, இன்னொன்று எங்கேயும் எழுதப்படுவதில்லை. நாலு எண் என்பது நான் வைத்துக்கொண்ட கணக்கு. இரண்டு அட்டையையும் எடுத்து, ‘எஸ்எஸ்’ என்பதை அடுத்து வரும் எண்ணையும் எர்ரர் எண்ணையும் பார்த்து உங்கள் விளக்கப்படத்தில் நீங்களே எண்ணிவிடுங்கள். வித்தியாசம் ஒரே ஒரு எண் என்று வந்தால் ஆளை மாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அந்தக் காலத்து மேலாளர்களுக்கு இந்தக் கணக்கு கையோடு தெரிந்திருந்தது. அதே 1979இல் அமெரிக்கன் லீக்கை ஜெயித்தது பால்டிமோர் ஓரியோல்ஸ், 102 வெற்றி. அவர்கள் ஷார்ட்ஸ்டாப்பில் பல ஆட்டங்களில் நிறுத்திய மார்க் பெலாஞ்சர் அந்த வருடம் அடித்தது .167. மெண்டோசாவைவிடக் கீழே. சிறந்த ஃபீல்டருக்கான தங்கக் கையுறை விருதை எட்டு முறை வாங்கிய கை அது. நல்ல பிட்சர்களும் அவர்களுக்குப் பின்னால் அந்தக் கையும் இருந்தால் .167ஐத் தாங்கிக்கொள்ளலாம் என்று மேலாளர் ஏர்ல் வீவர் முடிவெடுத்தார். சியாட்டிலுக்கு அந்த பிட்சர்கள் இல்லை, அதனால் மெண்டோசாவின் .198 மட்டும் வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தது.

என் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கிங்டோமில் கான்சாஸ் சிட்டியுடன் ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸ், நாங்கள் 3-2 முன்னிலை, இரண்டு அவுட், இரண்டாவது பேஸிலும் மூன்றாவது பேஸிலும் ஆள். பேட் செய்ய வருவது பிரெட். அவர் அட்டையில் பகடை விழுந்தால் கதை முடிந்தது. வெள்ளைப் பகடை மேசை ஓரம் வரை உருண்டு டம்ளரில் மோதி நின்றது: 5. பிட்சர் அட்டை. மூச்சு வந்தது. வரியைத் தேடினால் ஷார்ட்ஸ்டாப், எக்ஸ். அன்று மெண்டோசா முதல் மூன்று முறையும் அவுட், ஒரு முறை டபுள் பிளே வேறு. ஏழாவது இன்னிங்ஸில் அவரை மாற்றிவிடலாமா என்று அட்டையை கையில் எடுத்து, முன்னிலையில் இருக்கிறோமே என்று திரும்ப வைத்திருந்தேன். இருபது பக்கப் பகடையை உருட்டி, விரலை வைத்து வரியைப் பிடித்தேன். அவர் ரேஞ்சுக்கு நேரே அவுட். அதே வரியில் கொஞ்சம் தள்ளி, ரேஞ்ச் 4க்கு நேரே சிங்கிள். இரண்டு ரன் உள்ளே வந்து ஆட்டம் கைமாறியிருக்கும். எர்ரர் உருட்டலும் தப்பித்தது. கிங்டோமின் செயற்கைப் புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு போவதையும், அவர் குறுக்கே ஓடி எடுத்து முதல் பேஸுக்கு எறிவதையும் என்னால் பார்க்க முடிந்தது. ஸ்கோர் தாளில் நான் எழுதியது ‘6-3’ என்ற இரண்டு எண், ஷார்ட்ஸ்டாப் எறிந்து முதல் பேஸில் அவுட் என்று அர்த்தம். பேட்டிங் வரியில் 3க்கு 0.

அந்த ஆட்டத்துக்கு அப்புறம் தாளின் அடியில் ஷார்ட்ஸ்டாப் எக்ஸ் உருட்டல்களுக்குத் தனி வரி போட ஆரம்பித்தேன். எத்தனை வந்தது, எத்தனை அவுட், அதே உருட்டலுக்கு பெஞ்சில் இருக்கும் ஆள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும், மூன்றே கட்டம். உருட்டிய எண்ணைக் குறித்தால் போதும், மற்றதை ஆட்டம் முடிந்து விளக்கப்படத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம். உங்கள் 41ஆவது ஆட்டத்திலிருந்து நீங்களும் அந்த வரியைப் போடுங்கள். பின்தங்கினால் பிஞ்ச் ஹிட்டர், முன்னிலை என்றால் மெண்டோசா, இதை விடாமல் கடைப்பிடியுங்கள். 80 ஆட்டம் ஆனதும் இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: .198 கணக்குக்குக் குறைந்த ஹிட் எத்தனை, எக்ஸ் வரியில் அவர் காப்பாற்றியது எத்தனை. அதைப் பார்த்துவிட்டு மில்போர்னா மெண்டோசாவா என்று முடிவெடுங்கள்.